மார்கழிப் பனியில் நூறு பேருக்கு ஆறாத சுக்குக்காப்பி: முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் மார்கழி, தை இரவுகளில் தட்டட்டியிலும் (மொட்டைமாடியிலும்) தெருப்பந்தலிலும் விருந்து நடக்காத வாரம் கிடையாது. கிறிஸ்துமஸ் விருந்து, பால்காய்ப்பு, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி என்று எதுவானாலும் சுக்குக்காப்பி உண்டு. ஆனால் பாதிப் பேருக்கு மேல் அது ஆறித்தான் கைக்கு வருகிறது.

சாமானிலோ கைப்பக்குவத்திலோ குறை இருப்பதில்லை. மொத்தத்தையும் ஒரே போணியில் (பெரிய பாத்திரத்தில்) ஆறு மணிக்கே கலந்து மூடி வைத்துவிடுவதில்தான் கோளாறு. சுக்குச் சாறு தனி, கருப்பட்டிக் கரைசல் தனி, கொதிநீர் தனி என்று வைத்துக்கொண்டு, முப்பத்தைந்து டம்ளருக்கு ஓர் ஈடாகக் கலக்கிக்கொண்டே போனால் கடைசி ஆளுக்கும் சூடு நிற்கும். கீழே உள்ள அளவுகள் 100 பேருக்கு, இரவு 7 மணி விருந்துக்கு.

1. எதைக் கொடுப்பது, எவ்வளவு

மூன்றுக்கு மேல் வேண்டாம். சுக்குக்காப்பி, பனங்கற்கண்டுப் பால், ஃபில்டர் காப்பி. நான்காவதாக டீயும் வைத்தால் அடுப்பும் ஆளும் பிரிந்து நான்குமே அரைச் சூட்டில் போகும். 50 பேருக்குக் கீழே என்றால் சுக்குக்காப்பியும் பாலும் போதும். இனிப்பே வேண்டாம் என்பவர்கள் நிறைய இருக்கும் வீடானால், காப்பியை விட்டுவிட்டு மிளகு ரசத்தைத் தெளிவாக இறுத்து டம்ளரில் கொடுங்கள்.

ஒரு டம்ளருக்கு 120 மி.லி. என்று கணக்கு வையுங்கள். பெரிய டம்ளரில் நிறையக் கொடுத்தால் பாதி குடிப்பதற்குள் மீதி ஆறிவிடும். சின்ன அளவில் இரண்டு தடவை கொடுப்பதே சரி. சுக்குக்காப்பி 105 டம்ளர், பால் 30, காப்பி 40 என்று வைத்தால், இரண்டாம் முறை கேட்பவர்களையும் சேர்த்துச் சரியாக வரும்.

2. முந்தின நாளே கையில் இருக்க வேண்டியவை

சாமான்: சுக்கு 75 கிராம், கொத்தமல்லி விதை 150 கிராம், மிளகு 25 கிராம், ஏலக்காய் 15, துளசி இரண்டு கைப்பிடி, கருப்பட்டி ஒன்றேகால் கிலோ. பாலுக்கும் காப்பிக்கும் சேர்த்துப் பால் 8 லிட்டர், பனங்கற்கண்டு கால் கிலோ, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, காப்பித்தூள் 350 கிராம், சீனி 400 கிராம்.

பாத்திரம்: 20 லிட்டர் போணி ஒன்று (கொதிநீருக்கு), 10 லிட்டர் பாத்திரம் இரண்டு, குழாய் வைத்த டீ கேன் மூன்று, மூடியுள்ள தூக்குவாளி இரண்டு, லிட்டர் அளவுக் குவளை, வெள்ளை மல் துணி இரண்டு துண்டு. கேனை வாடகைக்கு எடுக்கும்போது மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் அது பால் கேன். எத்தனை தடவை கழுவினாலும் அதில் ஊற்றும் பால் திரிய வாய்ப்புண்டு. குழாயைத் திருகிப் பார்த்து, சொட்டினால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள்.

டம்ளர்: எவர்சில்வர் டம்ளர் 150 எடுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அதை நம்பி ஏற்பாடு செய்ய வேண்டாம். கண்ணாடி டம்ளர் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் கனமான கண்ணாடி ஊற்றியதுமே பத்து டிகிரி அளவுக்குச் சூட்டை உறிஞ்சிவிடும். இருட்டில் உடைந்தால் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் தட்டட்டியில் அது பெரிய தொந்தரவு. மேலே விளிம்பு மடித்த எவர்சில்வர் டம்ளர் கிடைத்தால் விடாதீர்கள். அந்த விளிம்பைப் பிடித்தால் கை சுடாது.

தண்ணீர்: உவர்ப்பான போர்த் தண்ணீர் உள்ள ஊரென்றால் குடிதண்ணீர்க் குழாயிலோ கேனிலோ 25 லிட்டர் தனியாகப் பிடித்து வையுங்கள். உவரில் காப்பியும் சுக்கும் சப்பென்று ஆகிவிடும். கூடுதல் கருப்பட்டி போட்டு அதைச் சரிசெய்ய முடியாது.

3. அடுப்பும் மேசையும் எங்கே

மார்கழியில் வாடை வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அடிக்கும். அடுப்பை வீட்டுச் சுவருக்கோ தட்டட்டிக் கைப்பிடிச் சுவருக்கோ தெற்குப் பக்கமாக வையுங்கள். காற்றில் தீ சாய்ந்தால் பாதிச் சூடு பாத்திரத்தில் படாமலே போகும். அரை மணியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஒரு மணி இழுக்கும். சுவர் இல்லையென்றால் அடுப்புக்கு மூன்று பக்கம் தகரம் வைத்து மறைக்கலாம். சிலிண்டர் மட்டும் தகரத்துக்கு வெளியே நிற்க வேண்டும், அடுப்புச் சூடு அதில் படக்கூடாது. துணிப் பந்தலுக்கு அடியில் அடுப்பு கூடவே கூடாது.

பெரிய பர்னரை நெடுநேரம் முழுத் தீயில் வைத்தால் சிலிண்டர் குளிர்ந்து வெளியே வியர்க்கும், தீயும் இறங்கிவிடும். பாதிக்குமேல் காலியான சிலிண்டரில் இது சீக்கிரமே நடக்கும். சிலர் அப்போது சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றுகிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். நிறைந்த சிலிண்டர் ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்வதுதான் வழி.

விருந்து மாடியில் என்றால் அடுப்பும் மாடியில் இருக்கட்டும். முடியாதென்றால், கீழே கலக்கி, மூடி பூட்டிய கேனில் மட்டும் மேலே கொண்டு போங்கள். கொதிக்கும் போணியை இரண்டு பேர் பிடித்து மாடிப்படியில் தூக்குவதைப்போல் ஆபத்தான வேலை இந்த விருந்தில் வேறு இல்லை. படியில் பனி ஈரம் வேறு இருக்கும்.

விளக்கு விஷயத்தில் ஒரு வார்த்தை. மழை விட்ட மறுநாள் ஈசல் கிளம்பும். அது வெளிச்சத்துக்கு நேர்கீழே விழும். விளக்கைப் பாத்திரத்துக்கு மேலே தொங்கவிடாமல் ஏழெட்டு அடி தள்ளிக் கட்டுங்கள். டம்ளர்களைக் கவிழ்த்து, மேலே துணி போட்டு மூடுங்கள். இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் அடிப்பக்கம் முழுக்கப் பனி கோத்துக்கொள்ளும்.

மழைக்கும் ஒரு மாற்று இடம் பார்த்து வையுங்கள். டிசம்பர் மழை எப்படிப் பெய்யும் என்பதை 2023-இல் நெல்லை பார்த்திருக்கிறது. தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) ஒரு மேசை போட இடம் ஒதுக்கிவைத்தால் போதும்.

4. கருப்பட்டிக் கரைசல் (முந்தின இரவு)

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

பதநீர் இறங்கும் காலம் கோடை. ஆகவே மார்கழியில் கடையில் கிடைப்பது போன பருவத்துக் கருப்பட்டி. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தை அது குடித்திருக்கும். வாங்கும்போது உடைத்துப் பாருங்கள்: உள்ளே உலர்ந்து, கரும்பழுப்பாக, பதநீர் மணத்தோடு இருந்தால் நல்லது. கையில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ கள் வாடை அடித்தாலோ விட்டுவிடுங்கள். உடன்குடிக் கருப்பட்டி என்று பெயர் சொல்லி விற்பதாலேயே நம்ப வேண்டாம், உடைத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். உடைந்த பக்கம் பளிங்குபோல் மினுங்கி, வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் சீனி கலந்திருக்கலாம்.

ஒன்றேகால் கிலோவைத் தட்டி நொறுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் சிறு தீயில் கரையவிடுங்கள். கம்பிப்பதம் ஒன்றும் வேண்டாம். கட்டி கரைந்து ஒரு கொதி வந்தால் இறக்கிவிடலாம். சுடச்சுட மல் துணியில் வடியுங்கள். அடியில் மணலும் ஓலைத்தும்பும், பதநீர்க் கலயத்துச் சுண்ணாம்பும் தங்கியிருக்கும். எவ்வளவு நல்ல கருப்பட்டியானாலும் இது இருக்கும். வடித்ததை இரவு முழுக்க அசையாமல் வைத்து, காலையில் மேலாக இறுத்தால் அடிமண்டி பாத்திரத்திலேயே நின்றுவிடும். கையில் 1.8 லிட்டர் அளவுக்குக் கரைசல் இருக்கும்.

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டுக் கட்டியை நேரே சுக்குத் தண்ணீரில் போட்டால் இரண்டு கேடு. டம்ளரின் கடைசி மடக்கு பல்லில் நறநறவென்று மண்ணாக வரும். கேன் குழாயும் அடைக்கும்.

5. சுக்குச் சாறு (மதியம் 3 மணி)

சுக்குக்குப் புறத்தே நஞ்சு என்று பெரியவர்கள் சொல்வது தோலைச் சீவத்தான். தோலில் மண்ணும், வெளுப்புக்காகத் தடவிய சுண்ணாம்பும் இருக்கும். கத்தியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, உரலில் இடியுங்கள். இடி கொரகொரப்பாக இருக்கட்டும். மிக்சியில் மாவாக அரைத்தால் சுக்கிலுள்ள மாவுச்சத்து கொதிநீரில் வெந்து, சாறு கொழகொழத்துவிடும். எந்தத் துணியிலும் இறங்காது.

மல்லியை வெறும் சட்டியில் மணம் வரும்வரை மட்டும் வறுத்து, மிளகோடு சேர்த்து ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். நாலரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் சுக்கு, மல்லி, மிளகு மூன்றையும் போட்டு, மூடி, சிறு தீயில் 20 நிமிடம். மூடாமல் கொதித்தால் மணம் தெருவுக்குப் போகும், சாறில் காரம் மட்டும் மிஞ்சும். இறக்கியபின் ஏலக்காயும் துளசியும் போட்டுப் பத்து நிமிடம் மூடிவையுங்கள். இவை இரண்டும் கொதித்தால் கசக்கும். பிறகு துணியில் வடித்துச் சக்கையைப் பிழியாமல் தானே இறங்கவிடுங்கள். பிழிந்தால் மண்டியும் கூடவே வரும். சாறு 3.6 லிட்டர் அளவுக்குத் தேறும்.

ருசி பார்க்கும்போது தொண்டை எரியும்படி காரமாக இருக்கும். பயந்து தண்ணீர் விட்டுவிடாதீர்கள். இது மூன்றரை மடங்குக்கு விரியப்போகிற சாறு.

6. டிகாஷனும் பாலும் (5:30 முதல் 6:30 வரை)

350 கிராம் தூளுக்கு இரண்டு லிட்டர் கொதிநீர். ஒரே பெரிய ஃபில்டரில் போட்டால் தூள் அழுந்தி இறங்காமல் நிற்கும். இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்றுங்கள். ஒன்றேகால் லிட்டர் டிகாஷன் கிடைக்கும், மீதியைத் தூளே குடித்துக்கொள்ளும். டிகாஷனைத் திரும்ப அடுப்பில் வைக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் அந்தப் பாத்திரத்தை இறக்கி வைத்தால் கசக்காமல் சூடாகவே நிற்கும்.

பாலுக்குப் பாத்திரத்தில் முதலில் அரைக் குவளைத் தண்ணீர் விட்டுச் சுழற்றி, பிறகு பாலை ஊற்றினால் அடி பிடிக்காது. எட்டு லிட்டரையும் காய்ச்சி இரண்டாகப் பிரியுங்கள். குடிக்கும் பாலுக்கு உரியதில் மட்டும் மஞ்சள்தூள், கொஞ்சம் மிளகுத்தூள் போட்டு, இறக்கியபின் தட்டிய பனங்கற்கண்டைச் சேர்த்துத் துணியில் வடியுங்கள். காப்பிக்கான பாலில் எதுவும் சேரக்கூடாது.

சீனியை 400 மி.லி. வெந்நீரில் கரைத்துப் பாகாக வைத்துக்கொள்ளுங்கள். 15 மி.லி. பிடிக்கும் சின்னக் கரண்டியில் ஒன்று விட்டால் ஏறக்குறைய 9 கிராம் சீனி. ஒரு டம்ளருக்கு அது சரி. வெளியில், இருட்டில், சீனியை அள்ளிப் போட்டு ஆற்றிக்கொண்டிருந்தால் கலங்குவதற்குள் காப்பி ஆறும்.

பால் திரிவதற்கு மூன்று காரணங்கள்தான் பெரும்பாலும். கேன் சரியாகக் கழுவாதது ஒன்று. கொதிக்கும் பாலில் கருப்பட்டிக் கரைசலை ஊற்றியது இன்னொன்று. கருப்பட்டியின் புளிப்பும் உப்பும் சேர்ந்து பாலைத் திரிக்கும், கள் வாடை ஏறிய கருப்பட்டியானால் நிச்சயம். மூன்றாவது, பச்சை இஞ்சி. இஞ்சியில் பால்புரதத்தை உடைக்கும் நொதி உண்டு. தண்ணீரில் நன்றாகக் கொதித்த பிறகே அது அடங்கும். கருப்பட்டி போட்ட பால்காப்பிதான் வேண்டும் என்று யாராவது கேட்டால், டம்ளரில் பாலையும் டிகாஷனையும் ஊற்றி, குடிக்கும் சூட்டுக்கு வந்தபின் கரைசலை விடுங்கள். சுக்குக்காப்பியைப் பாலில்லாமல் கொடுப்பதே நல்லது.

7. கேனைச் சூடேற்றி, ஈடு கலக்குதல் (6:30)

கொதிநீர் 15 லிட்டருக்கு 5:45-க்கே அடுப்பைப் பற்ற வையுங்கள், முக்கால் மணி நேரம் ஆகும். கொதித்ததும் ஒவ்வொரு கேனிலும் ஒன்றரை லிட்டர் ஊற்றி, மூடி, பத்து நிமிடம் வைத்து, குழாய் வழியாகவே திறந்து விடுங்கள். கேன் உள்ளே சூடேறும், குழாயும் சுத்தமாகும். வடிந்த வெந்நீரை ஒரு வாளியில் பிடித்தால் டம்ளர் அலச ஆகும்.

பிறகு முதல் ஈடு: சாறு 1.2 லிட்டர், கருப்பட்டிக் கரைசல் 600 மி.லி., தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் இரண்டரை லிட்டர். சாறும் கரைசலும் முன்பே செய்து ஆறிக் கிடப்பவை. ஆகவே அவற்றை முதலில் 10 லிட்டர் பாத்திரத்தில் சேர்த்து ஆவி பறக்கச் சூடாக்கி, கொதிநீரை விட்டு, ஒரு கொதி வந்ததும் கேனுக்கு மாற்றுங்கள். ஆறின சாற்றில் கொதிநீரை ஊற்றினால் போதும் என்று நினைப்பது பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் கலவையே 70 டிகிரியில் தொடங்கும், டம்ளருக்கு வருவதற்குள் வெதுவெதுப்பாகிவிடும்.

நாலேகால் லிட்டர் சொச்சம் வரும், அதாவது 35 டம்ளர். முதல் கேன் பாதியானதும் இரண்டாம் ஈட்டைத் தொடங்குங்கள். குறைவாகக் கிடக்கும் கேனில் சூடு வேகமாக இறங்கும். எனவே அடியில் மிச்சமிருக்கும் ஆறின காப்பிமேல் புதிய ஈட்டை ஊற்றாமல், அடுத்த கேனில் ஊற்றி மாறி மாறிப் போங்கள். மிச்சத்தை மூன்றாம் ஈட்டோடு கொதிக்கவைத்துக்கொள்ளலாம்.

கொதிநீர்ப் போணியில் எடுக்க எடுக்கத் தண்ணீர் விட்டு வாருங்கள். விட்ட உடனே எடுக்கக் கூடாது, கொதி திரும்பட்டும்.

8. இனிப்பில்லாததைத் தனியாக

சாறும் கரைசலும் தனித்தனியாக இருப்பதன் பெரிய லாபம் இங்கேதான். சாறு ஒரு பங்கு, கொதிநீர் இரண்டரைப் பங்கு என்று தூக்குவாளியில் கலக்கினால் சர்க்கரை நோய்க்காரர்களுக்கு உரியது தயார். இதற்கு வேண்டிய சாற்றைக் கடைசி ஈட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, அந்த ஈட்டில் கரைசலையும் அதற்கேற்பக் குறையுங்கள்.

“கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது அத்தை, குடிங்க” என்று உபசரிப்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். ஊற்றும் ஆளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். இனிப்பில்லாத வாளியின் கைப்பிடியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினால் இருட்டிலும் மாறாது.

9. ஊற்றுவதும் கொடுப்பதும்

மேசைக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் டம்ளரை வெந்நீரில் முக்கி உதறிக் கொடுக்க, மற்றவர் ஊற்ற வேண்டும். டம்ளரை அலசுவதில் கிடைப்பது இரண்டு மூன்று டிகிரிதான் என்றாலும், பனி கோத்த ஈரமும் தூசியும் போகும். முக்கால் டம்ளர் மட்டும் ஊற்றுங்கள்.

முன்கூட்டியே ஐம்பது டம்ளரில் ஊற்றித் தட்டில் அடுக்கி வைப்பது பார்க்க ஒழுங்காக இருக்கும். வாடைக்காற்றில் அது ஐந்து நிமிடத்தில் வீணாகும். தட்டுக்கு எட்டு டம்ளர், ஊற்றிய கையோடு நகர வேண்டும்.

பெரியவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கொண்டு கொடுங்கள். அவர்களை மேசைப் பக்கம் வரவைத்தால் கூட்டத்தில் முழங்கை பட்டுக் கொட்டும். பிள்ளைகளுக்குப் பாலை நன்றாக ஆற்றிக் கொடுக்க வேண்டும். கேன் இருக்கும் மேசைப் பக்கம் அவர்களை விடாதீர்கள். குழாய் சரியாக அவர்கள் முகத்துக்கு நேராக இருக்கும்.

சூடு எவ்வளவு இருக்கலாம்? கேனிலிருந்து 75, 80 டிகிரியில் இறங்கினால் ஒரு ஆற்று ஆற்றிக் குடிக்க 60-க்கு வந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 65 டிகிரிக்கு மேல் சூடாகப் பானம் குடிப்பதை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் 2016-இல் சேர்த்தது. ஆகவே சூடாகக் கொடுப்பதென்றால் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டம்ளரின் நடுவைப் பிடிக்க முடியாமல் விளிம்பை மட்டுமே பிடிக்க முடிகிறதென்றால், இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று அர்த்தம்.

10. எப்போது எது

வந்ததும் சுக்குக்காப்பி, கூடவே மிளகு போட்டு அவித்த பனங்கிழங்கோ காராச்சேவோ. தை பிறக்கும்போது பனங்கிழங்கு நல்ல பருவத்தில் இருக்கும். கருப்பட்டியோடு அதைவிடப் பொருத்தமான கடிப்பு எனக்குத் தெரிந்து இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு காப்பியும் இரண்டாம் சுற்றுச் சுக்குக்காப்பியும். பால் கடைசியில், பிள்ளைகள் கிளம்புமுன்.

காப்பியைக் கேட்டவர்க்கு மட்டும் அப்போதே கலக்கிக் கொடுங்கள்: டிகாஷன் 30 மி.லி., பால் 90 மி.லி., பாகு ஒரு கரண்டி. கலந்த காப்பியைக் கேனில் வைத்தால் அரை மணியில் காய்ந்த வாடை வந்துவிடும். பாலைக் கேனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். மிஞ்சும் என்று தெரிந்தால் திரும்பக் காய்ச்சி உறைக்கு ஊற்றிவிடலாம்.

11. இரவே முடிக்க வேண்டியது

பால் கேனைப் பச்சைத் தண்ணீரில் ஒரு முறை, சோப்புத் தண்ணீரில் ஒரு முறை, கடைசியாக வெந்நீரில் ஒரு முறை அலசுங்கள். முதலிலேயே வெந்நீர் விட்டால் பால் சுவரில் வெந்து ஒட்டும். குழாயைக் கழற்றி, உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தை எடுத்துத் தேயுங்கள். அடுத்த வீட்டுப் பாலைத் திரிக்கும் புளிப்பு அங்கேதான் தங்குகிறது. மூடியைத் திறந்தபடி கவிழ்த்துக் காயவைத்து, காலையில் வாடகைக் கடையில் ஒப்படையுங்கள்.